400 டிரோன் பறந்து வந்த ராத்திரி... கை கொடுத்தது "தாத்தா" பீரங்கி!

2025-ம் ஆண்டு மே மாதம் 8-ந் தேதி ராத்திரி. இமாசல பிரதேச மாநிலம் தர்மசாலாவில் ஐ.பி.எல். கிரிக்கெட் போட்டி. டெல்லி பந்து வீச்சை பஞ்சாப் அணி வெளுத்து வாங்கிக்கொண்டு இருந்தது. 10.1 ஓவரில் ஒரே ஒரு விக்கெட்தான் போயிருந்தது. ஸ்கோர் 122.

திடீரென மைதானத்து விளக்குகள் அணைந்தன. "விளக்கில் கோளாறு" என்றுதான் முதலில் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் வீரர்கள் வெளியேற்றப்பட்டனர். ரசிகர்களையும் ஸ்டேடியத்தை காலி பண்ணச் சொன்னார்கள். டி.வி. முன்னால் உட்கார்ந்து இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

விஷயம் வேறு. அந்த நேரத்தில் பக்கத்தில் உள்ள பதான்கோட், ஜம்மு பகுதிகளில் அபாயச் சங்கு ஊதிக்கொண்டு இருந்தது. எல்லை தாண்டி டிரோன்கள் வந்துகொண்டு இருந்தன. ஒன்று இரண்டு இல்லை. கூட்டம் கூட்டமாக!

அன்றைய ராத்திரி நடந்தது என்ன என்பதை மறுநாள் டெல்லியில் கர்னல் சோபியா குரேஷியும், விங் கமாண்டர் வியோமிகா சிங்கும் நிருபர்களிடம் சொன்னார்கள். லடாக்கில் உள்ள லே முதல் குஜராத்தில் உள்ள சர் கிரீக் வரை 36 இடங்களை நோக்கி 300-ல் இருந்து 400 டிரோன்களை பாகிஸ்தான் அனுப்பியது, அவற்றில் பல சுட்டு வீழ்த்தப்பட்டன என்றார்கள். விழுந்த பாகங்களை பார்த்தபோது துருக்கி நாட்டு "சோங்கர்" ரக டிரோன் போல் தெரிந்ததாகவும் கூறினார்கள்.

பகல்காமில் ஏப்ரல் 22-ந் தேதி 26 பேர் சுட்டுக்கொல்லப்பட்டது, அதற்கு பதிலடியாக மே 7-ந் தேதி "ஆபரேஷன் சிந்தூர்" நடந்தது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாத கதை ஒன்று இருக்கிறது. அத்தனை டிரோன்களையும் எதை வைத்து அடித்தார்கள்?

கோடிக்கணக்கில் விலை போட்டு வாங்கிய ஏவுகணை என்று நினைத்தால் பாதிதான் சரி. டிரோன் வேட்டையில் பெரிய பங்கு வகித்தது, 1960-களில் சுவீடன் நாட்டில் இருந்து வந்த ஒரு பழைய பீரங்கி. பெயர் எல்-70. "இதுக்கெல்லாம் வயசாகிப் போச்சு, மாற்று பீரங்கி வாங்கணும்" என்று ராணுவத்தில் பல வருடமாக பேசிக்கொண்டு இருந்த அதே பீரங்கிதான்!

கொசுவை அடிக்க வீட்டை கொளுத்துவதா?

பழைய பீரங்கியை ஏன் களத்தில் இறக்கினார்கள்? புது ஏவுகணை இல்லையா? இருக்கிறது. ஆனால் கணக்கு உதைக்கும்.

உக்ரைன் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-ம் ஆண்டு செப்டம்பரில் இருந்து ரஷியா "ஷாஹெத்" என்ற ஈரான் நாட்டு டிரோனை ஏவி வருகிறது. இப்போது ரஷியாவே அதை சொந்தமாக தயாரிக்கிறது. சுமார் 200 கிலோ எடை. முக்கோண இறக்கை. பின்னால் ஒரு விசிறி. வேகம் மணிக்கு 180 கிலோ மீட்டர் சொச்சம்தான். பழைய டூ-வீலர் மாதிரி "டர்ர்ர்" என்று சத்தம் போட்டுக்கொண்டே வரும். மூக்கில் சுமார் 50 கிலோ வெடிமருந்து. இலக்கில் போய் மோதி வெடிக்கும். திரும்பி வருகிற வேலையே இல்லை.

இதன் விலை 20 ஆயிரம் டாலரில் இருந்து 50 ஆயிரம் டாலர் வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். நம்ம பணத்தில் ரூ.17 லட்சத்தில் இருந்து ரூ.45 லட்சம். ஒரு நல்ல கார் விலை.

இதை சுட்டு வீழ்த்த அமெரிக்காவின் "பேட்ரியாட்" ஏவுகணையை விட்டால்? அது ஒன்றின் விலை சுமார் 40 லட்சம் டாலர். அதாவது ரூ.33 கோடிக்கும் மேல்! ஒரு ஏவுகணை காசில் நூறு ஷாஹெத் வாங்கிவிடலாம்.

அனுப்புகிறவனுக்கு இது நன்றாகவே தெரியும். டிரோன் இலக்கில் விழுந்தால் லாபம். விழாமல் நடுவானில் அடிபட்டாலும் லாபம்தான். எதிராளியின் ஏவுகணை ஒன்று தீர்ந்தது அல்லவா? காசு போகட்டும், போன ஏவுகணைக்கு பதில் இன்னொன்று தயாராகி வர மாதக்கணக்கில் ஆகும். கையிருப்பு தீர்ந்தபிறகு நிஜமான ஏவுகணை வந்தால் தடுக்க ஆள் இருக்காது. 2025-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி ராத்திரி மட்டும் ரஷியா 800-க்கும் அதிகமான டிரோன்களை ஏவியது. அதில் வெடிமருந்தே இல்லாத டூப்ளிகேட் டிரோன்களும் கலந்து வந்தன. ஏமாந்துபோய் அதையும் சுடவேண்டும் என்பதுதான் திட்டம்.

பாகிஸ்தான் அனுப்பியதிலும் இந்த சூட்சுமம் இருந்தது. இந்தியாவின் வான் பாதுகாப்பு எங்கே இருக்கிறது, எப்படி வேலை செய்கிறது என்று நோட்டம் பார்ப்பதும் நோக்கமாக இருக்கலாம் என்று வியோமிகா சிங் அன்றே சொன்னார். ரேடாரை ஆன் செய்தால் அது இருக்கிற இடம் தெரிந்துபோகும். ஏவுகணையை விட்டால் விட்ட இடம் தெரிந்துபோகும்.

ஆக, மலிவாக வருவதை மலிவாகவே அடித்தாக வேண்டும். இங்கேதான் தாத்தா பீரங்கிக்கு மறுவாழ்வு கிடைத்தது.

பீரங்கி பழசு, கண்ணு புதுசு

எல்-70 பீரங்கியின் குழாய் அளவு 40 மில்லி மீட்டர். நிமிடத்துக்கு சுமார் 300 குண்டுகள் பாயும். ஏறக்குறைய 4 கிலோ மீட்டர் தூரம் வரை அடிக்கும். ஒரு குண்டு விலையை ஏவுகணை விலையோடு ஒப்பிட்டே பார்க்க முடியாது.

அந்தக் காலத்தில் இன்றைக்கு உள்ள கேமரா, லேசர் எல்லாம் இதில் கிடையாது. இருட்டில் கஷ்டம். இப்போது அப்படி இல்லை. பொதுத்துறை நிறுவனமான பாரத் எலெக்ட்ரானிக்ஸ் இதை பழுது பார்த்து புதுசாக்கி இருக்கிறது. பகலுக்கு ஒரு கேமரா. ராத்திரிக்கு உடம்பு சூட்டை, மோட்டார் சூட்டை வைத்தே காட்டிக்கொடுக்கும் இன்னொரு கேமரா. தூரத்தை அளக்க லேசர். இலக்கை ஒரு தடவை காட்டிவிட்டால் போதும். பீரங்கி தானாகவே அதன் பின்னால் திரும்பிக்கொண்டு இருக்கும். கொக்கு பார்த்தமாதிரி!

இந்த வகை பீரங்கிக்கு ஒரு விசேஷ குண்டும் உண்டு. அது டிரோன் மேலேயே பட வேண்டும் என்று அவசியம் இல்லை. பக்கத்தில் போனதும் தானாக வெடித்து சில்லு சில்லாக சிதறும். ஒரு சில்லு பட்டால்கூட பிளாஸ்டிக் இறக்கை தாங்காது. வேட்டைக்காரன் ஒற்றை தோட்டாவுக்கு பதில் ரவை போட்டு பறவையை அடிப்பான் இல்லையா, அதே வித்தைதான்.

கூடவே ரஷிய தயாரிப்பான இரட்டைக் குழாய் இசட்.யு-23 பீரங்கியும் இருந்தது. அதுவும் 1960-களின் சரக்கு. சுமார் இரண்டரை கிலோ மீட்டர் தூரம் அடிக்கும். நான்கு குழாய் வைத்த "ஷில்கா" வண்டியும் களத்தில் நின்றது. அன்றைக்கு ராத்திரி எல்லையோர ஊர்களில் மக்கள் செல்போனில் எடுத்த வீடியோக்களில் வானத்தில் வரிசையாக செந்நிறப் பொட்டுகள் மேலே போகுமே, அது இந்த பீரங்கிகளின் ஒளிரும் குண்டுகள்தான். தீபாவளி ராக்கெட் என்று நினைத்தவர்களும் உண்டு.

உக்ரைனிலும் இதே கதைதான். 1910-ம் வருட மாடல் "மாக்சிம்" இயந்திர துப்பாக்கியை மியூசியத்துக்கு அனுப்பாமல், வண்டியில் பூட்டி டிரோன் சுடுகிறார்கள்.

முதல் அடி ஜம்முவில்

இந்தியாவுக்கு இந்த ஆபத்து உறைத்தது 2021-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி. ஜம்மு விமானப்படை தளத்தில் நள்ளிரவு தாண்டி 5 நிமிட இடைவெளியில் இரண்டு குண்டுகள் வெடித்தன. ஒன்று கட்டிடத்தின் கூரையை பிய்த்தது. இன்னொன்று திறந்தவெளியில் விழுந்தது. விமானப்படையினர் 2 பேருக்கு லேசான காயம்.

யாரும் உள்ளே நுழையவில்லை. விமானமும் வரவில்லை. டிரோன் பறந்து வந்து குண்டை போட்டுவிட்டு போய்விட்டது! இந்திய ராணுவ தளம் ஒன்றின் மீது நடந்த முதல் டிரோன் தாக்குதல் அது. சர்வதேச எல்லையில் இருந்து அந்த தளம் சுமார் 14 கிலோ மீட்டர்தான்.

அத்தனை பாதுகாப்பு உள்ள இடத்தில் ரேடாரில் எப்படி சிக்கவில்லை?

ரேடார் என்பது எதிரொலி கேட்கும் கருவி மாதிரி. அலையை அனுப்பும். அது எதில் பட்டு திரும்புகிறதோ அதை காட்டும். போர் விமானம் பெரிய உலோக உருவம். டிரோன் தம்மாத்துண்டு பிளாஸ்டிக். திரும்பி வரும் எதிரொலி ஒரு புறா அளவுக்குத்தான் இருக்கும். இதில் இன்னொரு கூத்தும் உண்டு. பறவைக் கூட்டம் எல்லாம் திரையில் வந்து தொல்லை கொடுக்கக்கூடாது என்பதற்காக, மெதுவாக பறக்கும் சின்ன உருவங்களை கண்டுகொள்ளாமல் விடும்படிதான் பழைய ரேடார்களை அமைத்து வைத்திருந்தார்கள். டிரோன் வந்து புகுந்தது அந்த சந்தில்தான். மரத்துக்கும் கட்டிடத்துக்கும் மேலே கொஞ்சம் உயரத்தில் பறந்து வந்தால் கேட்கவே வேண்டாம்.

புது ரேடார்கள் வேறு தந்திரம் செய்கின்றன. புறா இறக்கை அடிப்பதும், டிரோன் விசிறி சுற்றுவதும் ஒன்று இல்லை. விசிறி சுற்றும்போது எதிரொலியில் ஒரு தனி நடுக்கம் இருக்கும். அதை வைத்து "இது பறவை இல்லை, பொம்மை" என்று பிரிக்கிறார்கள். டிரோனுக்கும் அதை ஓட்டுகிறவனுக்கும் இடையே ஓடும் ரேடியோ சிக்னலை மோப்பம் பிடிக்கும் கருவியும் உண்டு. அது ஓட்டுகிறவன் நிற்கிற இடத்தையே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் போலீசுக்கும் பிடித்த கருவி. கடைசியாக கேமரா.

உக்ரைன்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஷாஹெத் சத்தம் போட்டுக்கொண்டுதானே வருகிறது, காதால் கேட்டு பிடித்தால் என்ன? நாடு முழுக்க கம்பங்களில் மைக் கட்டினார்கள். மொத்தம் சுமார் 10 ஆயிரம் மைக். ஒன்று 400, 500 டாலர். சத்தம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்கு போட்டு, வழியில் நிற்கும் துப்பாக்கி வண்டிக்கு தகவல் கொடுக்கும். ஒரு முறை வந்த 84 டிரோன்களில் 80-ஐ இப்படி வீழ்த்தியதாக, ஐரோப்பாவில் அமெரிக்க விமானப்படை தளபதியாக இருந்த ஜெனரல் ஜேம்ஸ் ஹெக்கர் 2024-ல் கூறினார். அத்தனை மைக்குக்கும் சேர்த்து ஆன செலவு இரண்டு பேட்ரியாட் ஏவுகணை விலையைவிட குறைவாம்.

சிக்னலை அறுத்தால் போதுமா?

டிரோனை சுடாமலே விழ வைக்கவும் முடியும். அதற்குத்தான் ஜாமர்.

ஓட்டுகிறவனின் ரிமோட்டில் இருந்து போகும் சிக்னலைவிட பலமான இரைச்சலை அதே அலைவரிசையில் கிளப்பினால் டிரோனுக்கு காது அடைத்துப்போகும். பெரிய ஸ்பீக்கர் அலறும் கல்யாண வீட்டில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது, அது மாதிரி. சிக்னல் போனதும் சில டிரோன்கள் அப்படியே இறங்கிவிடும். சில கிளம்பின இடத்துக்கே திரும்பும். ஜி.பி.எஸ். சிக்னலையும் சேர்த்து குழப்பினால் திக்கு தெரியாமல் எங்கேயாவது போய் விழும். ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய "டி-4" கருவி இந்த வேலையை செய்கிறது. டெல்லி செங்கோட்டையில் சுதந்திர தின விழா பாதுகாப்புக்கு 2020-ல் நிறுத்தப்பட்டது இதுதான். 2025 மே மாதமும் பல டிரோன்களை இப்படி சத்தம் இல்லாமல் சாய்த்தார்கள்.

செலவு மிச்சம், குண்டு மிச்சம். ஆனால் முழுசாக நம்ப முடியாது.

ரிமோட்டே இல்லாமல், போக வேண்டிய இடத்தை முன்கூட்டியே பதிவு செய்து அனுப்பும் டிரோனிடம் அறுப்பதற்கு ரேடியோ சிக்னல் ஏது? இதைவிட பெரிய தலைவலி 2024-ல் வந்தது. ரஷியாவும் பிறகு உக்ரைனும் டிரோனின் வாலில் கண்ணாடி இழை வயரை கட்டி பறக்க விட்டன. வீட்டுக்கு இன்டர்நெட் வருகிற பைபர் கேபிளில் உள்ள அதே இழைதான். தூண்டில் ரீல் மாதிரி சுற்றி வைத்து, டிரோன் போகப்போக அவிழ்ந்துகொண்டே இருக்கும். 10 கிலோ மீட்டர், 20 கிலோ மீட்டர் போனாலும் படம் துல்லியமாக வரும். ரேடியோவே கிடையாது. ஜாமர் சும்மா கத்திக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

அதற்கு உக்ரைன் கண்டுபிடித்த பதில்தான் வேடிக்கை. மீன் வலை! சண்டை நடக்கும் ஊர்களில் ரோட்டுக்கு மேலே பந்தல் போட்டமாதிரி வலை கட்டினார்கள். டிரோன் வந்து மோதினால் விசிறி வலையில் சிக்கிக்கொள்ளும். பிரான்சில் பிரிட்டனி கடற்கரை மீனவர்கள் தங்கள் பழைய ஆழ்கடல் வலைகளை லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். 40 ஆயிரம் ரூபாய் டிரோனுக்கு எதிராக, குப்பைக்கு போக வேண்டிய வலை. கணக்கு இப்போது சரியாக வருகிறது.

தாம்சனை தாண்டினால் லில்லி!

ஒரே ஆயுதத்தை நம்பி இருக்க முடியாது என்பது இதில் இருந்து புரியும். 2025 மே 12-ந் தேதி டெல்லியில் நடந்த பேட்டியில் ராணுவ நடவடிக்கைகளின் தலைமை இயக்குனராக இருந்த லெப்டினன்ட் ஜெனரல் ராஜீவ் காய் இதை கிரிக்கெட் பாஷையில் விளக்கினார். அன்றுதான் விராட் கோலி டெஸ்ட் போட்டியில் இருந்து ஓய்வு பெற்று இருந்தார். "எனக்கும் கோலியை பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு, 1970-களில் ஆஸ்திரேலியாவின் தாம்சன், லில்லி ஜோடி இங்கிலாந்தை மிரட்டிய கதைக்கு போனார். தாம்சனிடம் தப்பினால் லில்லியிடம் மாட்டுவான். அதுபோல ஒரு அடுக்கை தாண்டினால் அடுத்த அடுக்கு பிடிக்கும் என்றார்.

ஒரு அடுக்கில் ஜாமர். இன்னொரு அடுக்கில் ஆகாஷ் போன்ற ஏவுகணை. அதையும் தாண்டி கிட்டே வந்தால் எல்-70. இன்னும் கிட்டே வந்தால் தோளில் வைத்து சுடும் சின்ன ஏவுகணை, இசட்.யு-23.

இத்தனை பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் சுட்டால் என்ன ஆகும்? ஒரே டிரோனை நாலு பேர் சுடுவார்கள். நாலு டிரோனை ஒருவரும் சுடமாட்டார்கள். அதை தவிர்க்கத்தான் "ஆகாஷ்தீர்" என்ற ஏற்பாடு. ராணுவத்தின் எல்லா ரேடார்களும் பார்ப்பதை ஒரே திரையில் சேர்த்து, எந்த பீரங்கி எதை அடிக்க வேண்டும் என்று சொல்லும். 2023 மார்ச்சில் ரூ.1,982 கோடிக்கு பாரத் எலெக்ட்ரானிக்சிடம் ஆர்டர் கொடுக்கப்பட்டது. மே மாத சண்டையில் பீரங்கி வாங்கிய கைதட்டலில் பாதி இதற்கு சேர வேண்டும். கண் இல்லாத பீரங்கி வெறும் இரும்புதான்.

இதில் ஒரு நெருக்கடியான சமாச்சாரம் உண்டு. டிரோன் வரும் வானத்தில் பயணிகள் விமானமும் பறந்தால்? வட, மேற்கு இந்தியாவில் 32 விமான நிலையங்களை மூடி இந்தியா தன் பக்க வானத்தை காலி செய்தது. ஆனால் டிரோன் தாக்குதல் நடத்தியபோதும் பாகிஸ்தான் தன் பக்கத்தில் பயணிகள் விமானங்களை நிறுத்தாமல் கேடயம் போல் பயன்படுத்தியது என்று மே 9-ந் தேதி வியோமிகா சிங் குற்றம் சாட்டினார். திரையில் தெரிவது டிரோனா, நூறு பேர் உட்கார்ந்து வரும் விமானமா என்று சில நொடிகளில் முடிவு எடுக்க வேண்டும். பட்டனை அமுக்கும் வேலை லேசுப்பட்ட வேலை இல்லை.

2 லிட்டர் பெட்ரோல் காசில் ஒரு டிரோன்!

குண்டும் வேண்டாம், ஏவுகணையும் வேண்டாம் என்று ஒரு ஆயுதம் தயாராகி வருகிறது. அதுதான் லேசர். 2025 ஏப்ரல் 13-ந் தேதி ஆந்திர மாநிலம் கர்னூலில் 30 கிலோ வாட் சக்தி கொண்ட லேசரை டி.ஆர்.டி.ஓ. சோதித்துப் பார்த்தது. ஒளிக்கற்றை டிரோன் மேல் பட்டதும் அந்த இடம் சூடாகி உருகி, டிரோன் சுருண்டு விழுந்தது. சில நொடிகள் இதை சுடுவதற்கு ஆகும் செலவு இரண்டு லிட்டர் பெட்ரோல் விலைதான் என்று டி.ஆர்.டி.ஓ.வே சொன்னது.

கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் மழை, மூடுபனி, புழுதி இருந்தால் ஒளி சிதறி லேசர் வீக் ஆகிவிடும். பஞ்சாபில் டிசம்பர், ஜனவரி மாத மூடுபனி எப்படி என்று லாரி டிரைவர்களை கேட்டால் தெரியும். அதோடு ஒரு நேரத்தில் ஒரு டிரோனைத்தான் சுட முடியும். கூட்டமாக வந்தால் வரிசையில் நிற்கச் சொல்ல முடியாதே!

கூட்டத்துக்கு "பார்கவாஸ்திரா" என்று ஒன்று. சின்ன சின்ன ராக்கெட்டுகளை கொத்தாக விடும் கருவி. சோலார் டிபென்ஸ் என்ற தனியார் நிறுவனத்தின் தயாரிப்பு. 2025 மே 13-ந் தேதி ஒடிசா மாநிலம் கோபால்பூரில் சோதனை நடந்தது. இரண்டரை கிலோ மீட்டர் தூரத்தில் உள்ள டிரோன் கூட்டத்தை அடிக்கும்.

இடையில் ஒரு பருந்தும் வேலைக்கு சேர்ந்தது. பெயர் அர்ஜூன். 2022 நவம்பரில் உத்தரகாண்ட் மாநிலம் அவுலியில் அமெரிக்க வீரர்கள் முன்னிலையில், பறந்து போய் டிரோனை காலால் அடித்து வீழ்த்திக் காட்டியது. பார்க்க ஜோராகத்தான் இருந்தது. 200 கிலோ ஷாஹெத்துக்கு முன்னால் பருந்து என்ன செய்யும்? நெதர்லாந்து போலீசும் கழுகுகளை பழக்கிப் பார்த்துவிட்டு 2017-லேயே கைவிட்டு விட்டது.

சுட்டாச்சு... கீழே விழுவது எங்கே?

டிரோனை தடுப்பது பற்றி பேசுகிறவர்கள் பெரும்பாலும் வானத்தை பார்த்தே பேசுகிறார்கள். கீழே இருக்கிறவர் கதை வேறு.

2025 மே 9-ந் தேதி ராத்திரி. பஞ்சாப் மாநிலம் பெரோஸ்பூர் அருகே கை பேமே கே என்ற கிராமம். ஒரு வீட்டின் மீது டிரோன் விழுந்து தீப்பிடித்தது. ஒரே குடும்பத்தை சேர்ந்த 3 பேர் கருகினர். அதில் ஒருவரான பெண், லூதியானா ஆஸ்பத்திரியில் 4 நாட்கள் உயிருக்கு போராடி இறந்துபோனார். அவர்கள் ராணுவத்துக்காரர்கள் இல்லை. வீட்டில் இருந்தவர்கள்.

தொழிலாளிகளும் இப்படி செத்திருக்கிறார்கள். 2022-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி அபுதாபியில் முசாபா என்ற தொழிற்பேட்டை பகுதியில் ஏமன் நாட்டு ஹவுதி அமைப்பினர் தாக்கினார்கள். எரிபொருள் டேங்கர் லாரிகள் 3 வெடித்து சிதறின. இறந்த 3 பேரில் 2 பேர் இந்தியர்கள், ஒருவர் பாகிஸ்தானி. மூன்று பேரும் பிழைப்பு தேடி போனவர்கள். ஏமனில் நடந்த சண்டைக்கும் அவர்களுக்கும் எந்த சம்பந்தமும் இல்லை.

பீரங்கிக்கும் இந்த குறை உண்டு. மேலே போன குண்டு டிரோனை தவற விட்டால் எங்கேயாவது கீழே வந்துதானே ஆக வேண்டும்? குறிப்பிட்ட நேரத்தில் தானாக வெடிக்கும்படி குண்டை செய்திருப்பார்கள். அப்படியும் சில்லுகள் விழும். அடிபட்ட டிரோனில் வெடிக்காத மருந்து மிச்சம் இருக்கும். அதனால்தான் அபாயச் சங்கு ஊதினால் மொட்டை மாடிக்கு போய் வீடியோ எடுக்காதீர்கள், விழுந்து கிடப்பதை தொடாதீர்கள் என்று எல்லை மாவட்ட அதிகாரிகள் தொண்டை கிழிய சொன்னார்கள். எல்லோரும் கேட்டார்களா என்பது அந்த வீடியோக்களை பார்த்தாலே தெரியும்.

எல்லை கிராமங்களில் சண்டை இல்லாத நாளிலும் டிரோன் தொல்லை ஓயவில்லை. போதைப்பொருள், துப்பாக்கி கட்டி அனுப்புகிறார்கள். பஞ்சாப் எல்லையில் மட்டும் 2024-ம் ஆண்டில் ஏறக்குறைய 300 டிரோன்களை எல்லை பாதுகாப்பு படை பிடித்தது.

திருச்சிக்கும் பங்கு உண்டு

மே மாத அனுபவத்துக்குப் பிறகு ராணுவம் மறுபடியும் பீரங்கி பக்கமே திரும்பியது. ஊர்களையும் கோவில்களையும் காக்க ஏ.கே-630 என்ற 30 மில்லி மீட்டர் பீரங்கிகள் ஆறு வாங்க 2025 அக்டோபரில் டெண்டர் விட்டது. கப்பல்களில் இருக்கும் ரகம் இது. நிமிடத்துக்கு 3 ஆயிரம் குண்டு! டெண்டர் போனது கான்பூரை தலைமையிடமாக கொண்ட ஏ.டபிள்யு.இ.ஐ.எல். என்ற பொதுத்துறை நிறுவனத்துக்கு. திருச்சி துப்பாக்கி தொழிற்சாலையும் இந்த நிறுவனத்தின் கீழ்தான் வருகிறது.

நாடு முழுக்க முக்கியமான இடங்களுக்கு 2035-க்குள் பாதுகாப்பு வளையம் போடும் "சுதர்சன சக்கரம்" திட்டத்தை பிரதமர் மோடி 2025 சுதந்திர தினத்தில் அறிவித்தார். 8 நாள் கழித்து ஒடிசா கடற்கரையில் ஏவுகணை இரண்டு வகையும் லேசரும் சேர்ந்து இலக்குகளை வீழ்த்தும் சோதனை நடந்தது.

தமிழ்நாட்டுக்கும் அந்த மே மாதம் ஒரு ஒத்திகை வந்தது. மே 7-ந் தேதி சென்னை துறைமுகத்திலும் கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் போர்க்கால பாதுகாப்பு ஒத்திகை நடந்தது. நிஜமாக எதுவும் வரவில்லை. ஆனால் துறைமுகம், அணுமின் நிலையம், விமான நிலையம் போன்ற இடங்களில் காவல் இருப்பவர்களுக்கு இப்போது பெரிய குழப்பம் வெளிநாட்டு டிரோன் இல்லை. கல்யாண வீடியோ எடுக்க வந்த டிரோன்தான்!

வானத்தில் புள்ளியாக தெரிவது மாப்பிள்ளை ஊர்வலத்தை படம் பிடிக்கிறதா, வேறு எதையாவது தூக்கி வருகிறதா என்று கீழே நிற்பவருக்கு எப்படி தெரியும்? 2021-ம் ஆண்டு ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகள் இதற்காகத்தான் நாட்டின் வரைபடத்தை சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்தன. பச்சையில் 400 அடி உயரம் வரை பறக்க விட முன்அனுமதி தேவை இல்லை. மஞ்சளில் விமான கட்டுப்பாட்டு அதிகாரிகளின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசு சம்மதித்தால்தான் உண்டு. "டிஜிட்டல் ஸ்கை" இணையதளத்தில் அந்த வரைபடம் இருக்கிறது. பார்க்காமல் பறக்க விட்டு மாட்டினால் ரூ.1 லட்சம் வரை அபராதம் போடலாம் என்கிறது விதி.